கை பார்க்கும் அக்கா

இறால் கம்பெனியில் இரண்டு மேனேஜர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவர் கத்துவார். இன்னொருவர் வணக்கம் சொல்வார். இவர்களில் யாரிடம் நன்றாக இருந்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. வணக்கம் சொன்னவர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கம்பெனி ராயபுரம் பக்கம், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டி இருந்தது. உள்ளே எப்போதும் ஜில்லென்று இருக்கும். கம்பூட்ஸ், தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நீளமான எவர்சில்வர் டேபிளின் இரண்டு பக்கமும் நாங்கள் நிற்போம். நடுவில் ஐஸோடு இறாலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு, சதையை மட்டும் அவரவர் பேசனில் சேர்க்க வேண்டும். பேசன் நிறைந்ததும் எடை பார்ப்பார்கள், கூலி மட்டும் நாள் கணக்கு. அவ்வளவுதான் வேலை. சொன்னால் சுலபமாக இருக்கிறது.

இறால் தண்ணீருக்கு ஒரு காரம் உண்டு. ஐஸில் ஊறி மரத்துப்போன விரலில் அது மெல்ல மெல்லத் தோலைத் தின்னும். சிலருக்கு வருஷக் கணக்கில் ஒன்றும் ஆகாது. சிலருக்குச் சீக்கிரமே விரல் நுனி வெளுத்து, வெடித்து, உள்சதை தெரிய ஆரம்பித்துவிடும். ரப்பர் உறை கொடுத்திருந்தார்கள். உறை போட்டால் நரம்பு பிடிபடாது, இறால் வழுக்கிக்கொண்டு ஓடும், வேகம் பாதியாகிவிடும். அதனால் உறையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையோடுதான் உரிப்போம்.

எனக்கு நேர் எதிரில் நின்ற முகத்துவாரக்குப்பத்து அக்கா மட்டும் உறையைக் கழற்றமாட்டாள். கழற்ற முடியாது. அவளுடைய கை எங்கள் டேபிளிலேயே மோசமான கை. எண்ணூர் ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்ததிலிருந்து அவள் வீட்டுக்காரருக்கு வலையில் விழுவது குறைந்துபோனது. அவர் படகு தண்ணீரில் இருந்த நாட்களைவிடக் கரையில் இருந்த நாட்களே அதிகம். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கை ஓடினால்தான் வீடு ஓடும் என்பது டேபிளில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை ஓடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் தள்ளினோம்.

தள்ளுவது எங்கள் டேபிளின் பழக்கம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. உரித்த இறாலில் ஒரு கை அள்ளித் தன் பேசனில் போடாமல் முடியாதவளின் பேசன் பக்கம் தள்ளிவிடுவது. அவ்வளவே. ஆனால் அதற்கு நடைமுறை உண்டு. தள்ளுகிறவள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. வாங்குகிறவள் தலை நிமிரக் கூடாது. வெளியே போய் அதைப் பற்றிப் பேசவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி, காய்ச்சலோடு நின்றவள், பேசன் நிறைவதைப் பார்த்துவிட்டு வாய் தவறி "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டாள். டேபிளே அவள் மேல் பாய்ந்தது.

"இன்னாத்துக்கு தேங்க்ஸு? உனுக்கு எவ இன்னா குட்த்தா? வாய மூடிக்கினு உரி."

என் அப்பா இறந்து, காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், என் கை உரிப்பதும் நிற்பதுமாக இருந்தது. பேசன் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது. நானும் தலை நிமிரவில்லை.

முதல் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சங்கு. அவர் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் பாஷையிலேயே எங்களைத் திட்டுவார்.

"இன்னாமே, எறா உரிக்கிறீங்களா, குந்திக்கினு தாயம் ஆடறீங்களா? த்தோ, அந்தக் கடேசி பேசனு யார்து? ஐஸு தான் கீது, எறாவக் காணோம்!"

எந்தப் பேசன் காலியாக இருக்கிறதோ அந்தப் பேசன்காரிக்கு அன்றைக்கு அர்ச்சனை. பேசன் அடிக்கடி காலியாக இருந்தால் அடுத்த வாரம் வர வேண்டாம். அவரிடம் கணக்கு வழக்கு, மேல்முறையீடு எதுவும் கிடையாது. எனவே எங்கள் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான், யார் பேசனும் அடியில் நிற்கக் கூடாது. யார் மேலே வருகிறாள் என்று ஒருத்தியும் பார்த்ததில்லை. மேலே வந்தவளுக்கு சங்கு எதுவும் கொடுத்ததும் இல்லை.

ஒருமுறை நான் அக்கா பக்கம் தள்ளும்போது அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்றவர், மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்து, "அந்தக் கொயாயை எவளாவது மூடித் தொலைங்களேன்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். தெரிந்தே விட்டார் என்று டேபிளில் ஒரு கட்சி சொன்னது. என் கட்சி வேறு. அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, வீம்புக்குப் போடாமல் இருந்தார்.

அவரிடம் நாங்கள் நல்லவர்களாக நடந்துகொண்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டிபன் காரியரின் அடித்தட்டில் இறால் வீட்டுக்குப் போகும். இல்லாத பாட்டியைச் சாகடித்து லீவு எடுப்போம். பாத்ரூமுக்குப் போனால் ஒரு சீரியல் எபிசோடு கதையைப் பேசி முடித்துவிட்டுத்தான் வருவோம். அவரை ஏமாற்றுவதில் எங்களுக்கு ஒரு குஷி இருந்தது. அவர் ஒரு பக்கம், நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்பது நன்றாகவே இருந்தது.

பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். சங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படித்த ஒருவரைக் கொண்டுவந்தார். புதியவர் வந்த முதல் நாள், ஹாலுக்குள் நுழைந்து, எங்களைப் போலவே தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கைகூப்பினார்.

"எல்லாருக்கும் வணக்கம்மா. சாப்பிட்டீங்களா?"

யாரைக் கேட்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தோம். எனக்குப் பக்கத்தில் நின்றவள், "யாரோ செத்துட்டாங்க போல கீது, பதமா சொல்லப் போறான்" என்றாள்.

யாரும் சாகவில்லை. அவர் சுபாவமே அப்படி. ஒரு மாதத்துக்குள் பாத்ரூமுக்குக் கதவு வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது. டீ சூடாக வந்தது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார். வெட்டிய கேக்கை முதலில் அக்காக்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் அவர் சாப்பிட்டார். பெண்களை ‘ம்மா’ போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்குள் அவர் பெயர் தங்கம் என்று ஆனது. அதில் கிண்டல் கொஞ்சம்தான்.

நடத்தையும் மாறியது. டிபன் காரியரில் இறால் போவது நின்றது. யாரும் சோதனை போடவில்லை, எங்களுக்கே மனசு வரவில்லை. "அவுருகிட்ட போயி எப்டிடி பீலா வுடறது?" என்று லீவுக்குப் பொய் சொல்வதையும் விட்டோம். வெளியே போகும் வழியில் மூன்று டப்பா வைத்தார். ஒன்றில் சிரிக்கிற மூஞ்சி, ஒன்றில் சும்மா இருக்கிற மூஞ்சி, ஒன்றில் அழுகிற மூஞ்சி. அன்றைய வேலை எப்படி இருந்ததோ அந்த மூஞ்சியில் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் சிரிக்கிற மூஞ்சியில்தான் போட்டோம். மெய்யாகவே போட்டோம்.

அடுத்து ஒரு வெள்ளைப் பலகை வந்தது. ஒவ்வொரு பேசனுக்கும் ஒரு எண், எண்ணுக்கு நேராக எடை. வாரக் கடைசியில் முதலில் வந்தவளின் போட்டோவை ஒட்டி, அதன் மேல் தங்கக் காகிதத்தில் ஒரு ஸ்டார். "நீங்க உழைக்கறது யாருக்குமே தெரியாம போயிடக் கூடாதும்மா" என்று காரணம் சொன்னார். அதில் என்ன தப்பு? அதுவரை எங்களில் யாருடைய போட்டோவும் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் ஒட்டப்பட்டதில்லை. முதல் வாரம் ஸ்டார் வாங்கியவள் வீட்டுக்காரனையும் பிள்ளைகளையும் கேட் வரை கூட்டிவந்து, எட்டிப் பார்க்கச் சொல்லிக் காட்டினாள்.

பலகை வந்தபின் நாங்கள் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். முன்பெல்லாம் யார் தள்ளினாள், எவ்வளவு தள்ளினாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. இப்போது, பக்கத்தில் இருப்பவள் ஸ்டாருக்கு ஆசைப்பட்டுத் தள்ளாமல் இருக்கிறாளோ என்று தோன்றியது. எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் அக்காவுக்குக் கட்டைவிரல் நகம் கழன்று விழுந்தது. உறைக்குள் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு இறால் உரிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த வாரம் யார் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் நான் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். மற்றவளுகளை நம்ப முடியாது என்று இரண்டு பங்காகத் தள்ளினேன். டேபிளில் இருந்த ஒவ்வொருத்தியும் இதையே நினைத்து, இதையே செய்திருக்கிறாள். பேசிவைத்துக்கொண்டிருந்தால் அளவாகத் தள்ளியிருப்போம். தள்ளுவதைப் பற்றிப் பேசத்தான் கூடாதே.

சனிக்கிழமை பலகையைப் பார்த்தேன். அந்த வாரம் முதலிடம் முகத்துவாரக்குப்பத்து அக்காவுக்கு.

தங்கம் பூங்கொத்தோடு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாருங்கம்மா. இந்த ஹால்ல உறையைக் கழட்டாம வேலை செய்யறது இவங்க ஒருத்தர்தான். உறை போட்டா வேகம் வராதுன்னு எல்லாரும் சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

எல்லோரும் கைதட்டினோம். அக்காவின் போட்டோவை எடுத்தார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமிருந்து புதிதாகச் சில பெண்கள் வேலைக்குச் சேர இருந்தார்கள். உறையோடு எப்படி உரிப்பது என்று அக்காதான் அவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்றார்.

"வாணாம் சார். எனுக்கு அதெல்லாம் சொல்லிக்குடுக்க வராது."

"கூச்சப்படாதீங்கம்மா. உங்க திறமை உங்களுக்கே தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலும் சோறு ஒழுங்காக இறங்கியிருக்காது. சங்காக இருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்போம். குழாயை உடைத்து ஹாலில் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்போம், அதையெல்லாம் செய்திருக்கிறோம். பூங்கொத்து கொடுப்பவரிடம் என்ன செய்வது என்று எங்களுக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை புதுப் பெண்கள் டேபிளைச் சுற்றி நின்றார்கள். அக்கா நடுவில். தங்கம் அவளுக்கு முன்னால் தானே ஒரு தட்டில் நல்ல இறாலாகப் பொறுக்கி வைத்தார்.

"ஒரு கை உறையை மட்டும் கழட்டுங்கம்மா. விரல் எப்படிப் போகுதுன்னு முதல்ல இவங்க பாத்துக்கட்டும். அப்புறம் உறையோட செய்யலாம்."

அக்கா எங்களைப் பார்த்தாள். நான் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று தெரியாது.

அவள் உறையைக் கழற்றினாள், துணியையும் பிரித்தாள். கட்டைவிரலில் நகம் இல்லை. மற்ற விரல்களின் நுனியில் தோல் இல்லை. புதுப் பெண்களில் ஒருத்தி "யம்மாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். தண்ணீர் விரலில் வழிந்தது. அந்த ஒரு இறாலை உரித்து நரம்பெடுத்து வைப்பதற்குள் நாங்கள் ஒரு கை நிறைய உரித்திருப்போம்.

"போதும்மா, போதும்" என்றார் தங்கம். பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்த எடை?" என்று கேட்டார்.

"அது என் கை இல்ல சார்" என்றாள் அக்கா. "இவளுங்க கை."

அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிறவரைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும். அவர் கண் கலங்கியது. முகமூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இவங்களுக்கு உதவி செஞ்சதா நினைக்கறீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, இந்தக் கை இப்படி ஆகியிருக்குமா? நீங்க மூடி மறைச்சதாலதான் அவங்க இந்தக் கையை ஐஸ்ல வெச்சுக்கிட்டே நின்னாங்க. இனிமே யாரும் யாருக்காகவும் மறைக்க வேண்டாம்மா. என்கிட்ட சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் பேச்சில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முயன்றோம். கிடைக்கவில்லை. அவர் சொன்னது சரி. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சொன்னபடியே செய்தார். அக்காவைத் தானே டாக்டரிடம் அழைத்துப்போனார். கையைத் தண்ணீரில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவளுக்கென்று ஒரு வேலையை உண்டாக்கினார். எங்களுடையது வெள்ளைத் தொப்பி, அவளுக்கு நீலம். அந்த நீலத் தொப்பிக்கு இரண்டு பொறுப்பு. காலையில் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருத்தியின் கையையும் திருப்பிப் பார்த்து, புண் இருந்தால் ஆபீசில் சொல்ல வேண்டும். பகலில் டேபிளைச் சுற்றி வந்து, அவரவர் பேசனில் அவரவர் உரித்தது மட்டும் விழுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

"இதுக்கு இவங்களைவிடப் பொருத்தமானவங்க யாரும்மா?" என்றார் தங்கம். நாங்கள் கைதட்டினோம். அக்கா வேலையில் நிலைத்தாளே என்று உண்மையாகவே தட்டினோம்.

காலையில் கை பார்ப்பது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "எங்க, காட்டு. மருதாணி வெச்சிக்கினியா? ஷோக்கா கீது" என்பாள். பிறகு ஒருத்தியின் விரலில் வெடிப்பு இருந்தது. ஆபீசில் சொன்னாள். தங்கம் அந்தப் பெண்ணுக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்து, ஆறும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார், உன் இடம் உனக்குத்தான் என்றார். அவள் திரும்பி வந்தாள். அடுத்தவளும் திரும்பி வந்தாள். அதற்கடுத்தவள் வீட்டில் இருந்த நாட்களில் கூலி இல்லாமல், அடுப்பெரிக்க வழியில்லாமல் வேறு எங்கோ பாத்திரம் தேய்க்கப் போனாள், அங்கே கை மேலும் கெட்டது, வரவில்லை. அதற்குப் பிறகு, காலையில் வாசலுக்கு வருமுன் விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளப் பலரும் பழகினார்கள். வெடிப்பு தெரியாது. எண்ணெய் தடவினாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டேபிளில் பேச்சு குறைந்தது. அக்கா அந்தப் பக்கம் நடந்து வந்தால் இன்னும் குறைந்தது.

அந்தப் புதுப் பெண்களில் "யம்மாடி" என்றவள் வியாசர்பாடிக்காரி. அவளை எனக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முழுகாமல் இருப்பது தெரிந்தது. வயிறு வளர வளர டேபிளுக்கும் அவளுக்கும் இடைவெளி அதிகமாகி, கை எட்டிப் போக நேரமெடுத்தது. கால் வீங்கி, பூட்ஸைக் கழற்ற ஆள் வேண்டியிருந்தது.

"ஒம்போது மாசம் வரிக்கும் வரணும்க்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வூட்ல குந்திக்கினா மாமியா ஊருக்குத் தொர்த்திடும். பிரசவத்த இங்கதான் பாத்துக்கணும்னு கீறேன். எனுக்கு இங்க பெரியாஸ்பத்திரிதான் நம்பிக்கை."

அவள் பேசனில் ஐஸ்தான் தெரிந்தது. பலகையில் அவள் எண் கடைசியில் இருந்தது. கடைசியில் இருப்பவளைத் தங்கம் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து, என்னம்மா பிரச்சினை என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த விசாரிப்புக்கு நாங்கள் சங்கின் கத்தலைவிட அதிகமாகப் பயந்தோம்.

அன்றைக்கு வந்தது சின்ன இறால். கை நிறைய உரித்து வைத்திருந்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. பழைய பழக்கத்தில் கை தானாகப் போய், ஒரு அள்ளு அவள் பேசனில் தள்ளியது. அவளுக்கு எங்கள் நடைமுறை எதுவும் தெரியாது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நீலத் தொப்பி எங்கள் பின்னால் நின்றிருந்தது.

எனக்குப் பயமே இல்லை. அக்காதானே. திரும்பிப் பார்த்துக் கண்ணடிக்கக்கூட நினைத்தேன். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டி, வியாசர்பாடிக்காரியின் பேசனிலிருந்து அந்த இறாலை அள்ளினாள். அள்ளி, என் பேசனில் போட்டாள். ஒன்றுகூடச் சிந்தவில்லை.

"உன்னுது உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றாள்.

‘ம்மா’ என்றாள். அதுவரை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. டி போடுவாள், கய்தே என்பாள். ‘ம்மா’ தங்கத்துடையது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, கோபமும் வந்தது, உரித்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் தங்கம் வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. வியாசர்பாடிக்காரியிடம் ஒரு கூடை பழத்தைக் கொடுத்தார். ஆப்பிள், மாதுளை, நடுவில் ரிப்பன்.

"இந்த நிலையில நீங்க நிக்கவே கூடாதும்மா. வீட்டுக்குப் போங்க. குழந்தை பிறந்து, உடம்பு தேறி வாங்க. உங்க இடம் அப்படியே இருக்கும்."

அவள் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, பார்க்கிறவர் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அவளுடைய தட்டல் நன்றாகக் கேட்டது, புண் ஆறிய கை.

சாயங்காலம் வெளியே போகும்போது வில்லையை எந்த மூஞ்சியில் போடுவது என்று நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. டீ சூடாகத்தான் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. சிரிக்கிற மூஞ்சியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபின், வண்டி நகர்கிற நேரத்தில் அக்கா ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் திருவொற்றியூரில் இறங்கிவிடுவேன், அவள் எண்ணூர் வரை போக வேண்டும். முன்பெல்லாம் இந்த வழி முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவோம். லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்று நின்று போனது. அவள்தான் முதலில் பேசினாள்.

"எம் மேல காண்டா கீறியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. எனுக்கு வேற வேல இல்லடி. திரும்ப ஐஸ்ல கை வெச்சா இந்தக் கை போயிடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பொண்ணு படிப்பு முடியிற வரிக்கும்னாச்சும் இந்தத் தொப்பி எனுக்கு வோணும்."

இப்போது ‘டி’ வந்துவிட்டது. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. "பரவால்லக்கா" என்றேன், பாதி மனசோடு.

அவள் வலது கையை என் மடிமேல் நீட்டினாள்.

"பாத்தியா, நகம் மொளச்சிகீது."

பார்த்தேன். கட்டைவிரலில் புது நகம், இளஞ்சிவப்பாக, இன்னும் முழுசாக வளராமல். விரல் நுனிகளில் புதுத்தோல் மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளியதில் ஆறாத கை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அது பொய்யில்லை.

"நல்லா கீதுக்கா" என்றேன்.

"தங்கம் குட்த்த களிம்புதான். எங்க, உன் கையக் காட்டு."

தோழியாகக் கேட்டாளா, காலையில் வாசலில் கேட்கிற பழக்கத்தில் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் காலையிலேயே ஐஸில் போய்விட்டிருந்தது. ஆள்காட்டி விரலில் போன வாரம் தொடங்கிய வெடிப்பு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் இரண்டு கையாலும் முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பால காட்றேன்க்கா" என்றேன்.